வர்தாவுக்குப் போன சட்டை

பெரியபட்டினத்துக் காலிதாவுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம். அதில் புருசனோடு ஒரே வீட்டில் இருந்த நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் மூன்று வருசம் தேறாது. நிக்காஹ் முடிந்த ஆறாம் மாதமே அகமது கபீர் ஓமனுக்குப் போய்விட்டார். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார். முதல் பத்து நாள் சொந்தபந்தங்களைப் பார்ப்பதில் போகும். கடைசிப் பத்து நாள் பெட்டி கட்டுவதில் போகும். நடுவில் கிடைக்கிற இருபது நாளில் இவர் என்ன மாதிரி மனுசன் என்று தெரிந்துகொள்ளக் காலிதா பார்ப்பாள். பாதி தெரிவதற்குள் திருச்சிக்குக் கார் வந்து வாசலில் நிற்கும்.

மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். ஊருக்கும் அதுதான் தெரியும், அவளுக்கும் அதுதான் தெரியும். அவளைப் பெண் கேட்டு வந்தபோது அவளுடைய வாப்பாவிடம் சொன்னதும், அந்த வேலைக்குப் போகப்போகிறார் என்றுதான்.

போன வருசம் ஜனவரியில், ஐம்பத்தேழு வயதில், ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த புதிதில் வீடு முழுக்கச் சந்தோசம்தான். மகள் நஸீஹா கீழக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாப்பாவுக்குப் பிடிக்கும் என்று தினம் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவாள். ஆனால் வாப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. சோபா இருக்க அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்காருவார். விடியற்காலை ஸுபுஹு பாங்கு சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து, வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி முண்டாசு கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பார். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப வந்து படுத்துக்கொள்வார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போகப் போகச் சரியாகிவிடும் என்று காலிதா மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் அவருக்கு ஒரு போன் வரும். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூன்றாவது வாரம், காய்ந்த துணியை எடுக்க மாடிப்படி ஏறியவள், சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

“சாப்புட்டியா வர்தா? கோவிச்சுக்கிறாத. நான் என்ன செய்ய, வந்தாச்சுல்ல. ஒரு வாயாச்சும் சாப்புடு தங்கம். நீ இப்புடிக் கெடந்தா எனக்கு இங்கன எப்புடி இருக்கும்?”

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. இருபத்தெட்டு வருசத்தில் ஒருநாளும் அவர் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. துணியை எடுக்காமலே இறங்கி வந்து, அடுப்படியில் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

அரபுநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தவர்கள் கதை இரண்டொன்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களுக்காகத் துஆ கேட்டிருக்கிறாள். தன் வீட்டுக்கே அது வரும் என்று நினைத்ததில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தாள். தினமும் அழைப்பது ‘ரஃபீக்’ என்றிருந்தது. பொம்பளை நம்பரை ஆம்பளை பேரில் பதிந்து வைத்திருக்கிறார், அவ்வளவு விவரம் என்று நினைத்தாள். நஸீஹாவிடம் சொல்லவில்லை. கூடப் பிறந்த லாத்தாவிடமும் சொல்லவில்லை. வர்தா என்றால் ரோஜாப்பூ என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வயசு எத்தனை இருக்கும், தமிழ் எப்படித் தெரியும், ஒருவேளை இலங்கைக்காரியோ என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் அஸருக்கு முன்னாலேயே போன் வந்தது. மாடியில் பெயின்ட் அடிக்கிற ஆட்கள் இருந்தார்கள். “கடக்கர வரைக்கும் போயிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். காலிதா புர்காவை மாட்டிக்கொண்டு, நூறடி விட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு ஆட்கள் கூடி நின்றார்கள். கபீர் பேசி முடித்துப் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்களோடு போய் நின்றார். காலிதா ஒரு படகின் மறைவில் ஒதுங்கினாள்.

செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய். அதன் தலை முழுக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாட்டியிருந்தது. பெட்டிக்கடையில் முறுக்குப் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி டப்பா. அடியில் ஒரு விரிசல் இருந்ததால் மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகத் தண்ணீர்கூட இல்லாமல் அப்படியே திரிகிறது என்றார்கள். கவிழ்த்த படகு ஒன்றின் அடியில் அது போட்ட ஐந்து குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. பக்கத்து மீனவக் குடியிருப்புச் சோணைமுத்து வலையை வீசிப் பிடிக்கப் பார்த்தார். வலையைக் கண்டதும் அது கண்மண் தெரியாமல் ஓடி, படகில் மோதி விழுந்து, எழுந்து, கருவேலங்காட்டுப் பக்கம் போய்விட்டது. தூரத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. குட்டிகளை விட்டுப் போகவும் முடியவில்லை, ஆட்களை நம்பி வரவும் முடியவில்லை.

“எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போறீங்களா?” என்றார் கபீர். அவர் அப்படி ஓர் ஆளாக நின்று அத்தனை பேரிடம் பேசியதையும் காலிதா அன்றுதான் பார்த்தாள்.

ஆட்கள் விலகியதும் அவர் நாயிடம் போகவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுடுமணலில் உட்கார்ந்தார். நாக்கை மேல்வாயில் ஒட்டி எடுத்து ஒரு மெல்லிய சத்தம் கொடுத்தார். கொஞ்சம் விட்டு மறுபடியும். நடுவில் என்னவோ முணுமுணுத்தார். நாய் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு சாண் பின்னால் நகர்ந்தார். வெயில் தலையில் இறங்கியது. வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். காலிதாவுக்குக் கால் கடுத்தது, ஆனாலும் அவள் நகரவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். நாய் தானாக வந்து, டப்பா மாட்டிய தலையை அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய் அதன் கழுத்தடியைத் தடவினார். பிறகுதான் திரும்பினார். சோணைமுத்துவின் மனைவி பாண்டியம்மாள் தேங்காயெண்ணெயும் ஒரு சட்டித் தண்ணீரும் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போனாள். டப்பாவின் விளிம்பு கழுத்தை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. அதில் எண்ணெய் விட்டு, ஒரு காதை மடித்து வெளியே எடுத்தார். நாய் வலியில் உறுமியது.

“பொறு வர்தா, பொறு. முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு.”

படகுக்குப் பின்னால் நின்ற காலிதாவுக்குக் கேட்டது, மாடியில் கேட்ட அதே குரல், அதே பெயர்.

இன்னொரு காதும் வெளியே வந்தது. டப்பா கழன்றது. நாய் இரண்டு தடவை தலையை உதறிக்கொண்டு, பாண்டியம்மாள் வைத்த சட்டித் தண்ணீரை விழுந்து விழுந்து குடித்தது. குடித்துவிட்டுக் குட்டிகளிடம் ஓடியது. நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். சோணைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலிதா வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள்.

“வர்தா யாரு?”

அவர் ஏறிட்டுப் பார்த்தார். போன் இருந்த பையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். முழங்கை வரை நாயின் எச்சிலும் எண்ணெயும் வழிந்தது.

“காட்டுறேன். கை கழுவிட்டு வாரேன்.”

கடலோரம் போய்க் குனிந்தார். நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. ஈர மணலை அள்ளித் தேய்த்துக் கழுவினார். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. ஒரு தடவையைக்கூட அவர் அவசரப்படுத்தவில்லை. காலிதாவின் ஆயுசில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை. ஐந்து. ஆறு. ஏழாவது முறையும் கழுவி, கையை உதறி, சட்டையில் துடைத்து, போனை எடுத்து நீட்டினார்.

படத்தில் ஓர் ஒட்டகம் நின்றது. வெளிர்மணல் நிறம், நீண்ட இமை. அதன் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, அழுக்கு முண்டாசுடன் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அவள் படத்தையே பார்த்தாள். விரலால் பெரிதாக்கி அந்த ஒட்டகத்தின் முகத்தைப் பார்த்தாள்.

“இதுக்காகவா நான் மூணு வாரமா சோறு திங்காமக் கெடந்தேன்?” என்றவள், நடுக்கடற்கரையில் புர்கா முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். போய்ச் சேர்ந்த எட்டாம் மாதமே கம்பெனியை மூடிவிட்டார்கள். கூட இருந்தவர் ஒருவர், மஸ்கட்டிலிருந்து நான்கு மணி நேர தூரத்தில் பாலைவனத்துக்குள் சாலிம் என்பவரின் ஒட்டகப் பண்ணையில் சேர்த்துவிட்டார். முப்பது ஒட்டகம், ஒரு காவல் நாய், இவர். முதல் இரண்டு மாதம் பயந்து பயந்து செத்தார். சாலிம் நல்ல மனுசன், சம்பளத்துக்குக் குறை வைத்ததில்லை. பண்ணைக்குப் போனபின் மாமனாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் கம்பெனி மூடிய விசயத்தை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கடிதத்திலும் அதைச் சொல்ல இடம் வரவில்லை. வீடியோ கால் வந்த பிறகு, பண்ணையில் புதிதாகக் கட்டிய ஒரு சுவருக்கு முன்னால் நின்றுதான் பேசுவார். பின்னால் எந்த ஒட்டகமும் வந்துவிடக்கூடாது என்று கம்பி வேலியை இழுத்துக் கட்டிவிட்டு வருவார்.

வர்தாவின் தாய் அதைப் பெறும்போதே செத்துப்போனது. பதினான்கு வருசத்துக்கு முன்னால், இவர்தான் புட்டியில் பால் கொடுத்து, தன் போர்வைக்குள் வைத்து வளர்த்தார். மற்ற ஒட்டகங்கள் மேயப் போனாலும் அது இவர் பின்னாலேயே சுற்றும். இவர் தொழுதால் பக்கத்தில் மடங்கி உட்காரும். பேச வேறு ஆள் இல்லாததால் அதனிடம் தமிழிலேயே பேசினார். இப்போது எந்த உயிரைத் தொட்டாலும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. இவர் கிளம்பி வந்த நாளிலிருந்து அது சரியாகத் தின்பதில்லை. புதிதாக வந்த பங்களாதேஷ்காரப் பையன் ரஃபீக், தினமும் போனை அதன் காதருகே பிடிப்பான். இவர் குரலைக் கேட்டால் இரண்டு வாய் தின்னும்.

காலிதாவுக்குக் கோபமே வரவில்லை, அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் வரைக்கும்.

“டவுன்ல வேற வேல கெடைக்கலயா உங்களுக்கு?”

“கெடைச்சுச்சு. ரெண்டு தடவ. அதுகள விட்டுட்டுப் போக மனசு வரல. நாலு வருசத்துக்கு முன்னாடியே முடிச்சுக்கிட்டு வந்திருக்கலாம், காலிதா. அவள ஆர்ட்ட விட்டுட்டு வர்றதுன்னு தெரியாம நின்னுட்டேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அந்த நான்கு வருசத்தில் காலிதாவின் உம்மா மௌத்தாகி அடக்கம் ஆனார். நஸீஹா டைபாய்டில் படுத்தபோது, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் காலிதா தனியாக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள், அதற்கப்புறம் நான்கு நாள் அவரிடம் வாய் திறக்கவில்லை. தட்டில் சோறு வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான். நஸீஹா விசயத்தைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு உம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள்.

கபீர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. காலையும் மாலையும் கடற்கரைக்குப் போய் நாயின் கழுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு வந்தார். வாசல் குழாயடியில் ஏழு தடவை கழுவுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஐந்தாம் நாள் மாடியில் அவர் குரல் கேட்கவில்லை. போன் வந்தது, ஏறிப் போனார், சத்தமே இல்லை. காலிதா மேலே போனாள். அவர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வர்தா மடங்கிக் கிடந்தது. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. இப்போதெல்லாம் குரல் கேட்டால் தின்பதில்லை, எழுந்து வேலிவரை போய்த் தேடுகிறது, ஆளைக் காணாமல் திரும்ப வந்து படுத்துவிடுகிறது என்று அந்த முனையில் ரஃபீக் உடைந்த அரபியில் சொல்லிக்கொண்டிருந்தான். கபீர் அதை அவளுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

காலிதா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாளைக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

“கொரலக் கேட்டா ஆளு பக்கத்துல இருக்குன்னு நெனைக்கிது. தேடுது. இல்லன்னதும் இன்னும் ஏங்கிப் போகுது. போன் பண்றத நிறுத்துங்க.”

“நிறுத்துனா செத்துப் போயிரும்.”

“உங்க சட்டைய அனுப்புங்க.”

அவருக்குப் புரியவில்லை. காலிதா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒவ்வொரு தடவ நீங்க லீவு முடிஞ்சு போறப்பவும், கடைசியா அவுத்துப் போட்டுட்டுப் போன சட்டைய நான் தொவைக்க மாட்டேன். மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிருவேன். மூணு நாலு மாசம் வாட இருக்கும். அதுக்குப் பெறகுதான் தொவைப்பேன். உம்மா கேட்டா, மறந்துட்டேன்னு சொல்லுவேன்.”

கபீர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒட்டகத்தின் முகத்தை வருடிப் பழகிய அந்தச் சொரசொரப்பான உள்ளங்கையை அவள் தலையில் வைத்தார். அவள் தட்டிவிடவில்லை. ரஃபீக், “அலோ, அலோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

பக்கத்துத் தெரு சஃபீர் மஸ்கட்டில் டிரைவர். லீவு முடிந்து அந்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அதுவரை ஆறு நாள் கபீர் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு அலைந்தார். காலிதாதான் கழற்ற விடவில்லை. வேர்வை நாற்றத்தில் நஸீஹா மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள். வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கழற்றி வாங்கி, வாடை போய்விடாதபடி இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, காலிதாவே சஃபீர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊறுகாயோ மாசிக் கருவாடோ என்று நினைத்து வாங்கிய சஃபீர், விசயத்தைக் கேட்டுச் சிரித்தான். ஆனாலும் மஸ்கட் போனதும், வேலையில் சேர மிச்சமிருந்த ஒரு நாளைச் செலவழித்து, பண்ணை வரைக்கும் வண்டியோட்டிப் போய்க் கொடுத்தான்.

ரஃபீக் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தீவனக் கூடையோடு வர்தாவின் முன்னால் நின்றான். சஃபீர் அதை வீடியோ எடுத்து அனுப்பினான். வீட்டில் மூவரும் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வர்தா கழுத்தை நீட்டி சட்டையின் தோளை மோந்தது. கையிடுக்கை மோந்தது. ரஃபீக்கின் முகத்தைப் பார்த்துக் குழம்பியது போல நின்றது. மறுபடி சட்டையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டது. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டு, அவன் கையிலிருந்த புல்லை இழுத்து மென்றது.

நஸீஹா கைதட்டினாள். காலிதா, “நல்லாத் தின்னு தங்கம்” என்று போனைப் பார்த்துச் சொன்னாள்.

நாலைந்து மாதம் கழித்து நஸீஹாவைப் பெண் பார்க்கக் காயல்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஓமனில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார். கபீர் தொண்டையைச் செருமினார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து காலிதா, “முப்பது ஒட்டகத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு தாயில்லாக் குட்டி, அத எடுத்து வளத்தாங்க” என்றாள். வந்தவர்கள் ஒட்டகப்பால் எப்படி இருக்கும், உப்புக் கரிக்குமா என்று விசாரித்தார்கள். பேச்சு அப்படியே ஓடி, சாப்பாடு முடியும்வரை கபீர்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் கூடி வந்தது.

சட்டை போன பிறகு போன் குறைந்தது. தினமும் என்பது வாரம் ஒன்றானது. ஒருநாள் ரஃபீக் வீடியோவில் வர்தாவைக் காட்டினான். உடம்பு தேறி, திமில் நிமிர்ந்து, மற்ற ஒட்டகங்களோடு மேய்ந்துகொண்டிருந்தது. கபீர் நாக்கால் அந்தச் சத்தம் கொடுத்து, “வர்தா” என்று கூப்பிட்டார். அது காதை ஒருமுறை அசைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. தின்றுகொண்டே இருந்தது.

அவர் போனை அணைத்து மடியில் வைத்தார்.

“மறந்துட்டா.”

“மறக்கல. வயிறு நெறஞ்சிருக்கு” என்றாள் காலிதா. “அதுக்குத்தான ஆசப்பட்டீங்க?”

அவர் தலையாட்டினார். ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது. காலிதா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கீழே பாண்டியம்மாளின் குரல் கேட்டது. அவளுடைய வெள்ளாடு காலையிலிருந்து முக்கிக்கொண்டே கிடக்கிறதாம். குட்டி குறுக்கே திரும்பியிருக்கிறது போல, பாய் கொஞ்சம் வந்து பார்க்க வேண்டும் என்றாள். இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள்.

கபீர் முண்டாசைக் கட்டிக்கொண்டு இறங்கினார். காலிதா எண்ணெய்ப் புட்டியையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு, புர்காவை மாட்டியபடி, “நில்லுங்க, நானும் வாரேன்” என்று பின்னால் நடந்தாள்.